நாங்கள் இறங்கி வருகிறோம்

சிஞோரா இல்டேயைக் குளிப்பாட்டுவதென்றால் அந்த முதியோர் இல்லத்தில் எல்லோரும் பின்வாங்குவார்கள். வயது தொண்ணூற்று மூன்று. தூக்கினால் ஒரு தலையணைப் பாரம்தான் இருப்பார். ஆனால் குளியலறைக் கதவைக் கண்டதும் சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். கத்துவார், கடிப்பார். மறதி நோய் முற்றியபின், மொன்றியலுக்கு வந்து கற்றுக்கொண்ட பிரெஞ்சு பாதிக்கு மேல் அவரை விட்டுப் போயிருந்தது. மிஞ்சியது வட இத்தாலியில் ஏதோ ஒரு மலைப்பகுதிப் பேச்சு. நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில் இருந்த அந்த இல்லத்தில் வேறு இத்தாலியர்களும் இருந்தார்கள். அவர்களில் பலருக்கே அது சரியாக விளங்கவில்லை.

கத்தரின் அங்கே பராமரிப்பாளராகப் பல வருடமாக வேலை செய்கிறாள். மன்னாரில் பிறந்தவள், நாற்பத்தாறு வயது. கோயில் பாடற்குழுவில் பாடுகிறவள் என்பதால் காதில் விழுகிற மெட்டு எதுவும் அவளிடம் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் காலை இல்டே கம்பியைப் பிடித்தபடி வாய்க்குள் ஏதோ பாடுவது அவளுக்குக் கேட்டது. முதல் வரிக்கு மட்டும் சொற்கள் இருந்தன. அதன்பிறகு வெறும் மெட்டு. கத்தரின் அந்த மெட்டைப் பிடித்துத் தானும் கூடவே முணுமுணுத்தாள். இல்டே திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். கை மெல்லத் தளர்ந்தது. அன்று தலைக்கும் தண்ணீர் வார்க்க முடிந்தது.

அதற்குப் பிறகு குளிப்பு, சாப்பாடு, மாத்திரை எல்லாவற்றுக்கும் அந்தப் பாட்டுத்தான். அது ஒரு தாலாட்டு என்று கத்தரின் நினைத்தாள். இல்லாவிட்டால் மாதா பாட்டு. அவ்வளவு சாந்தமாக இருந்தது. வீட்டில் சட்டி கழுவும்போதுகூட அவள் வாயில் அதுவே வந்தது.

அக்டோபர் மாதத்தில் ஒரு மத்தியானம், சாப்பாட்டு மண்டபத்தில் சூப் ஊற்றிக்கொண்டிருந்தபோதும் தன்னையறியாமல் அதை முணுமுணுத்தாள். சிஞோர் ரெமோவின் கோப்பையை நிரப்பிவிட்டு நிமிர்ந்தாள். அந்தக் கோப்பை அவள் காலடியில் வந்து உடைந்தது.

ரெமோ யாரோடும் சண்டைக்குப் போகாத மனிதர். எண்பத்தெட்டு வயதிலும் தினமும் சவரம் செய்து, கழுத்துவரை பொத்தான் போட்டு, சக்கர நாற்காலியில் நிமிர்ந்து இருப்பார். இப்போது கோப்பையை எறிந்த கை இன்னும் நீண்டபடியே இருந்தது.

"யார் உனக்கு அதைச் சொல்லித் தந்தது?" என்று பிரெஞ்சில் கேட்டார். "யார்?"

சூடான சூப் சப்பாத்துக்குள் இறங்கியதுகூடக் கத்தரினுக்கு உறைக்கவில்லை.

மேலாளர் அன்று பின்னேரமே அவளைக் கூப்பிட்டார். "இங்கே அரசியல் பாட்டு வேண்டாம், கத்தரின்."

"அரசியலா? அது தாலாட்டு அல்லவா?"

மேலாளருக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. புகார் வந்துவிட்டது, நிறுத்திக்கொள் என்றார்.

நிறுத்தினாள். இல்டே மறுபடியும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மாத்திரையைத் துப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை இல்டேயின் மகள் லோரா பார்க்க வந்தாள். டவுன்டவுனில் பல் வைத்தியர். கத்தரின் நடந்ததைச் சொன்னதும் அவளுடைய முகம் மலர்ந்துவிட்டது.

"அம்மா அதைப் பாடுகிறாரா? அது பர்த்திசான்களின் பாட்டு! போர்க் காலத்தில் ஜெர்மன்காரர்களையும் முசோலினியின் ஆட்களையும் எதிர்த்து மலையில் மறைந்திருந்து போராடியவர்கள். அம்மா பன்னிரண்டு வயதிலேயே அவர்களுக்கு ரொட்டியும் செய்தியும் கொண்டுபோனவர். பெரிய பாட்டொன்றும் இல்லை, எங்கள் பள்ளத்தாக்கைத் தாண்டினால் ஒருவருக்கும் தெரியாது."

"என்ன சொல்கிறது அந்தப் பாட்டு?"

"முதல் வரி, 'மலையில் பனி உருகுகிறதா?' என்று ஒரு கேள்வி. அடுத்த வரி அதற்குப் பதில். 'பனி உருகுகிறது, நாங்கள் இறங்கி வருகிறோம்' என்று வரும். அம்மா சொல்லிக் கருத்துத்தான் தெரியும். எங்கள் ஊர்ப் பேச்சில் அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது." லோரா சற்று யோசித்தாள். "அம்மா அந்த இரண்டாம் வரியை வீட்டில் பாடியதே இல்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை."

அவர்கள் பேசுவதை இல்டே கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். கட்டிலில் சாய்ந்தபடி, உடைந்த பிரெஞ்சில் தெளிவாகச் சொன்னார்: "நான் பாடுவேன். அவர்கள் பாடினால் போவேன். பாடாவிட்டால் திரும்பிவிடுவேன்."

"யார் பாடினால், மம்மா?"

இல்டே யன்னலைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

கத்தரினுக்கு மனம் ஆறவில்லை. விடுதலைக்காகப் போராடியவர்களின் பாட்டு என்றால் ரெமோவுக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம்? அந்த மனிதர் எதிர்ப் பக்கத்தில் இருந்தவரோ? போர் முடியும்போது அவருக்கு எட்டு வயதுதானே இருந்திருக்கும்? மறுநாள் தேத்தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டாள்.

"உன்மேல் கோபமில்லை," என்றார் ரெமோ. அவள் போகாமல் நின்றதால் தொடர்ந்தார். "அந்த மலைக்குக் கீழே இருக்கிற பட்டணம் எங்களுடையது. என் அப்பா நகரசபையில் எழுத்தர். ரேஷன் அட்டை கொடுக்கிற வேலை. சட்டையில் கட்சிச் சின்னம் குத்தியிருப்பார். அது இல்லாமல் அந்த வேலையில் இருக்க முடியாது. சண்டை முடிந்த அந்த ஏப்ரலில் அவர்கள் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு வந்தார்கள். தெருவெல்லாம் பூ. நானும் பூ எறிந்தேன். எங்கள் வீட்டு வாசலில் நின்று பாடினார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகும்போதும் பாடினார்கள். அடுத்த வாரம் ஆற்றங்கரையில் கிடந்தார்."

கத்தரின் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள்.

"அவர் யாரையாவது காட்டிக் கொடுத்தாரா?"

"தெரியாது. எட்டு வயதுப் பையனுக்கு யார் சொல்வார்கள்? பிறகு கேட்கவும் பயமாக இருந்தது. ஆனால் ஒன்று. அவர்கள் வந்த பிறகு குண்டு விழவில்லை. ஜெர்மன்காரர்கள் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்தது. விடுதலை என்று சொன்னார்களே, அது பொய் இல்லை." அவர் தேத்தண்ணீரைத் தள்ளி வைத்தார். "இதில் நீ எதைப் பிடித்துக்கொள்வாய்? எனக்கு இன்னும் தெரியவில்லை."

அன்று கோட்-வெர்த்துவில் மெட்ரோ ஏறிய கத்தரின், தான் இறங்க வேண்டிய பார்க் நிலையம் வந்ததைக் கவனிக்காமல் ஒரு நிலையம் தாண்டிப் போய், இறங்கித் திரும்பி வந்தாள்.

வீட்டில் சாப்பிடும்போது அன்டனுக்குச் சொன்னாள். அன்டன் அவளுடைய கணவன். யாழ்ப்பாணத்துக்காரர். விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. அவருடைய தம்பி இயக்கத்தில் சேர்ந்து, ஆனையிறவுச் சண்டையில் செத்தவன். உடலும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் மாவீரர் நாள் வருவதற்கு முன்னமே காரில் இயக்கப் பாட்டுகள் தொடங்கிவிடும். தம்பி விரும்பிப் பாடிய பாட்டு ஒன்று இருந்தது. அது வந்தால் அன்டன் கதைப்பதை நிறுத்திவிடுவார்.

"விடுதலைப் பாட்டில என்ன பிழை இருக்கு?" என்றார் அன்டன். "அந்தக் கிழவன்ர தேப்பன் கட்சி ஆள் எண்டுதானே சொல்லுறீர். சும்மா இருந்தவனைக் கொண்டுபோய்ச் சுடுவாங்களே? ஏதோ செய்திருப்பான்."

கத்தரின் கையிலிருந்த சோற்றைத் திரும்பத் தட்டில் போட்டாள். அவளுடைய தகப்பன் செபமாலை மன்னாரில் படகு எஞ்சின் திருத்துகிறவர். ஆமிக்காரர் தங்கள் எஞ்சினையும் கொண்டுவந்து போட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியாது, திருத்திக் கொடுத்தார். அதற்காக ஒரு நாள் காலை பட்டறை வாசலில் வைத்து அவரைச் சுட்டார்கள். கத்தரினுக்கு அப்போது பதினொரு வயது. யார் என்று கேட்டால், தெரியாது என்று சொல்லத்தான் தாய் பழக்கியிருந்தாள். அன்டனுக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். சும்மா சுடுவாங்களே, ஏதோ செய்திருப்பான் என்று ஊரும் சொன்னது. இதே சொற்கள்.

அன்டன் வேண்டுமென்று சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்படியிருந்தும் அன்றிரவு அவரோடு கதைக்க முடியவில்லை. ஏனென்று அவர் கேட்டபோது, தலையிடி என்றாள்.

அடுத்து வந்த நாட்களில் அவளுக்கு எல்லாம் குழம்பிக் கிடந்தது. லோரா சொன்னதை நினைத்தால், ரொட்டியை ஒளித்துக்கொண்டு மலையேறும் ஒரு சின்னப் பெண் கண்ணுக்குள் வந்தாள். அவளுக்காகக் கத்தரின் பெருமைப்பட்டாள். ரெமோ சொன்னதை நினைத்தால் அதே பாட்டு ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றது. அன்டனின் தம்பியை நினைத்தாள். படத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிற பத்தொன்பது வயதுப் பொடியன். அவன் யாருடைய வாசலில் நின்றிருப்பான்? ஒருவருடைய வாசலிலும் நின்றிருக்க மாட்டான் என்று தனக்குத்தானே சொன்னாள். அதை எப்படி நிச்சயமாகச் சொல்வது? வேலையில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய பிளெண்டரில் அடித்த சாப்பாட்டை இன்னொருவருக்குக் கொண்டுபோய் வைத்தாள்.

நவம்பர் முதல் கிழமையில் ஒரு முற்பகல், கீழ்த் தளத்தில் உடுப்புக் காய வைக்கிற இயந்திரம் தீப்பிடித்தது. அலாரம் காதைக் கிழித்தது. கத்தரின் நின்ற தளத்துக்கும் புகை ஏறி வந்துவிட்டது. நடக்கக்கூடியவர்களை முதலில் படிக்கட்டால் இறக்கினார்கள். சக்கர நாற்காலியில் இருந்தவர்களை நடைபாதையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவராகத் தூக்கிச் சென்றார்கள். ரெமோவின் நாற்காலி இல்டேயின் அறைக்கு எதிரே நின்றது.

இல்டே கட்டிலில் இல்லை. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. எந்த நாளும் உள்ளே போக மறுக்கிறவர், இன்று உள்ளே போய் ஒளிந்துகொண்டு, தன் வாக்கரைக் கதவுக்கும் கழுவு தொட்டிக்கும் இடையில் இறுக்கிவிட்டார். கத்தரின் தள்ளினாள். கதவு இரண்டு விரற்கடைக்கு மேல் அசையவில்லை.

"சிஞோரா, நான் கத்தரின். வாக்கரை எடுங்கோ, வெளியால போவம்!" பதற்றத்தில் பிரெஞ்சுக்குப் பதில் தமிழ் வந்தது.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. இல்டே பாடினார். முதல் வரி. மலையில் பனி உருகுகிறதா? பாடிவிட்டு நிறுத்தினார்.

கத்தரின் மெட்டைப் பிடித்து உரக்கப் பாடினாள். மேலாளர் சொன்னது எதுவும் அப்போது நினைவில் இல்லை. உள்ளே சத்தம் இல்லை. முதல் வரியையே திருப்பிப் பாடிப் பார்த்தாள். அதற்கும் அசைவில்லை. சற்றுப் பொறுத்து, இல்டே மறுபடி அதே வரியைப் பாடினார், இம்முறை இன்னும் மெலிவாக. பாடிவிட்டுக் காத்திருந்தார்.

அப்போதுதான் கத்தரினுக்கு விளங்கியது. அவர்கள் பாடினால் போவேன், பாடாவிட்டால் திரும்பிவிடுவேன். அந்தப் பெண் மலையடியில் நின்று கேள்வியைப் பாடுவாள். மேலேயிருந்து பதில் வந்தால் ஆபத்தில்லை. வராவிட்டால் ஒளிய வேண்டும். இரண்டாம் வரி அவள் பாட வேண்டிய வரியே இல்லை. மற்றவர்கள் அவளுக்குப் பாட வேண்டிய வரி. அந்தச் சொற்கள் கத்தரினிடம் இல்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டு வெறும் மெட்டைப் பாடினால் போதுமாக இருந்தது. சாத்திய கதவுக்கு அது போதவில்லை.

புகையில் கண் எரிந்தது. தோளால் கதவை இடித்தாள். அந்தப் பக்கம் கிழவி நிற்கிறாரோ, விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் பலமாக இடிக்கவும் முடியவில்லை.

பின்னால் யாரோ பாடினார்கள்.

ரெமோ. நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, கண்களை மூடியபடி, கரகரத்த குரலில் இரண்டாம் வரியைப் பாடினார். ஒரு சொல் பிசகவில்லை. பனி உருகுகிறது, நாங்கள் இறங்கி வருகிறோம். அலாரத்துக்கு மேலால் கேட்கும்படி, திரும்பவும் பாடினார்.

கதவுக்குப் பின்னால் வாக்கர் உராய்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. இல்டே இரவுச் சட்டையோடு நின்றார். கத்தரினைத் தாண்டி, நடைபாதையில் இருந்த ரெமோவைப் பார்த்துச் சிரித்து, சின்னப் பிள்ளைபோல் தலையாட்டினார்.

தீயணைப்புப் படை வந்து சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கியது. ஒருவருக்கும் காயமில்லை. பக்கத்துக் கட்டடத்தின் வரவேற்பறையில் போர்வை போர்த்தி எல்லோரையும் இருத்தியிருந்தார்கள். இல்டே நித்திரையாகிவிட்டார். கத்தரின் ரெமோவின் நாற்காலிக்கு அருகில் குந்தினாள்.

"மெர்சி, சிஞோர் ரெமோ. நீங்கள் பாடாவிட்டால்..."

"அந்தக் கிழவி என்னைப் பார்த்துச் சிரித்தாள்," என்றார் அவர், அவளைப் பார்க்காமலே. "நான் அவர்களில் ஒருவன் என்று நினைத்துவிட்டாள். மலையில் இருந்தவர்களில் ஒருவன்." போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். "அந்தச் சொற்கள் என்னிடம் இருக்கின்றன என்பதே எனக்குத் தெரியாது. வாயைத் திறந்தேன், வந்தது. அப்பா வாசலில் நிற்பதும் கூடவே வந்தது."

"ஏன் பாடினீர்கள்?"

"தெரியாது. என்னைக் கேட்காதே."

அவருடைய மனம் மாறிவிட்டது என்று கத்தரின் நினைத்தாள். அப்படி இல்லை. அடுத்த கிழமை இல்டேயின் அறையில் அவள் மெல்லப் பாடியது நடைபாதைக்குக் கேட்டபோது, ரெமோ தன் அறைக் கதவைப் படாரென்று அடித்துச் சாத்தினார். ஆனால் புகார் கொடுக்கவில்லை. லோரா கேக் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லப் போனபோது, அவளிடம் பேச மறுத்துவிட்டார். "அவரும் எங்கள் ஆட்களோடு இருந்தவரா?" என்று லோரா ஆவலோடு கேட்டாள். அதற்குப் பதில் சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று கத்தரினுக்குத் தோன்றியது. கதவை மூடிக்கொண்டு பாடப் பழகினாள்.

அந்த மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து அன்டனும் கத்தரினும் காரில் வந்துகொண்டிருந்தார்கள். பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. தம்பியின் பாட்டு வந்தது. அன்டன் கதைப்பதை நிறுத்தினார். வழக்கமாகக் கத்தரின் யன்னலால் வெளியே பார்ப்பாள். அன்று பார்க்கவில்லை.

"இஞ்சருங்கோ, இந்தப் பாட்டு அப்பாவை அடக்கம் பண்ணின அண்டைக்கும் போனது," என்றாள்.

"என்ன?"

"அப்பான்ர பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டு போறம். றோட்டால இயக்கத்தின்ர வாகனம் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வருகுது. இந்தப் பாட்டுத்தான். எங்களைக் கண்டும் நிப்பாட்டேல்லை. அம்மா என்ர காதைப் பொத்தினவ. அவைதான் சுட்டது, அன்டன். எல்லாருக்கும் தெரியும்."

அன்டன் பாட்டை நிறுத்தவில்லை. கை அங்கே போகவில்லை. திரும்ப வேண்டிய சந்தியில் திரும்பாமல் நேரே போனார். வீதி திருத்த வேலை நடந்ததால் செம்மஞ்சள் கூம்புகள் வழியை மறித்தன. ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஒருவழிப் பாதைகளில் சுற்றி, கடைசியில் ஒரு தெப்பனேர், மூலைக்கடை, அதன் முன்னால் காரை நிறுத்தினார். தாங்கள் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் முப்பது வருடம் கார் ஓட்டியவர், எந்தத் தெரு என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தார். பாட்டு தானாக முடிந்தது. அடுத்தது தொடங்குமுன் அணைத்தார்.

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் தம்பியை நினைச்சு அழுவியள். அதுக்குள்ள நான் என்னெண்டு சொல்லுறது?"

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார். "அவன் அப்பிடியான பொடியன் இல்லை, கத்தரின். பூனை செத்தாலும் அழுறவன்."

"அது எனக்குத் தெரியும்."

"இனி நான் இதைப் போடேல்லை."

"போடாதேங்கோ எண்டு நான் சொல்லேல்லையே. போடுங்கோ எண்டும் சொல்லேல்லை."

"பின்னை என்னதான் செய்யிறது?"

"எனக்கு விளங்கேல்லை, அன்டன். அண்டைக்கு அந்தக் கிழவன் பாடின உடனை எனக்கு உசிர் வந்தது. அவருக்கு உசிர் போயிருக்கும். ரெண்டும் ஒரே வரிதான். யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறன், ஒண்டும் பிடிபடுதில்லை."

ஒரு சைக்கிள்காரன் குளிருக்குத் தொப்பிக்கு மேல் தொப்பி போட்டுக்கொண்டு போனான். இருவரும் அவனைப் பார்த்தபடி இருந்தார்கள். முன்பொரு நாள் சாப்பாட்டு மேசையில் தான் சொன்னது அன்டனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அவருடைய முகம் ஒருமாதிரிக் கோணியது. மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று கத்தரின் நினைத்தாள். அவர் கேட்டது வேறு.

"மாமா என்ன மாதிரி ஆள்?"

கலியாணம் கட்டி இருபது வருடத்துக்கு மேலாகிறது. அந்தக் கேள்வியை அவர் கேட்டதில்லை. அப்பாவின் சாவைத்தான் கத்தரின் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். அதைத் தள்ளிவிட்டு மனிதரைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

"கோயில்ல சத்தமாப் பாடுவார்," என்றாள் மெதுவாக. "அப்பிடிப் பிழையாப் பாடுவார். ஒருக்கா சுவாமியார் பூசையை நிப்பாட்டிப்போட்டுத் திரும்பிப் பார்த்தவர்."

"பிறகு?"

"அப்பா தன்னைத்தான் மெச்சிறார் எண்டு நினைச்சு, இன்னும் கூடச் சத்தமாப் பாடினார்."

அன்டன் சிரித்துவிட்டார். உடனே, இந்த நேரத்தில் சிரிக்கலாமோ என்ற பயத்தோடு அவளைப் பார்த்தார். கத்தரினும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"என்ன பாட்டு அது?" என்று கேட்டார்.